சீனியின் பாதி வலி

நல்லமங்கலத்தில் நாய், பூனை, கிளிகளின் வலியில் பாதி, அவை யாரைத் தங்கள் ஆளாக நினைத்திருந்தனவோ அவர்களுடைய உடம்புக்குப் போய்ச் சேர ஆரம்பித்த வருஷத்தில், மாவுமில் சண்முகக்கனியின் உடம்பில் ஒரு வலியும் இல்லை. மூட்டு நன்றாக இருந்தது, முதுகு நன்றாக இருந்தது, பல்கூட ஒன்றும் ஆடவில்லை. ஊரில் உள்ள நோஞ்சான்களெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருமையாக நடந்து போவதை மில் வாசலில் நின்று பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்ததுதான், ஆனால் அந்த எரிச்சலும் அவளுடைய சொந்த எரிச்சலாகவே இருந்தது.

கால்நடை டாக்டர் எப்சிபா கடைவீதியில் பூட்டிக் கிடந்த போட்டோ ஸ்டூடியோவை வாடகைக்குப் பிடித்து ஆஸ்பத்திரி வைத்தபோது, சுவரில் இருந்த அரண்மனையையும் அன்னப் பறவையையும் வெள்ளையடித்து மறைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, படம் கழுவும் இருட்டறையில் எக்ஸ்ரே மிஷினை வைத்தாள், மறுபக்கம் நல்லெண்ணெய்ச் சட்டியும் பிரண்டையும் மஞ்சளும் வேப்பெண்ணெயும், தலைமுடி கனத்தில் ஊசிகள் நிறைந்த ஒரு தகர டப்பாவும் வைத்தாள். மாத்திரை தரவேண்டிய நோய்க்கு மாத்திரை தந்தாள், எண்ணெய் தடவ வேண்டியதற்குத் தடவினாள், ஊசி குத்த வேண்டிய இடத்தில் குத்தினாள், எதற்கும் எதுவும் பகை என்று அவள் நினைக்கவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம் அது என்ன தின்றது என்று கேட்டதோடு விடாமல், அது எங்கே படுக்கிறது, வீட்டில் யார் யார் சத்தம் போடுவார்கள், யார் ஊருக்குப் போனால் அது சாப்பிடாது என்றெல்லாம் விசாரித்தாள். "ஒடம்ப மட்டும் தூக்கிட்டு வந்தா எப்படிங்க, அது இருக்குற வீட்டையும் சேத்துக் கொண்டு வாங்க" என்பாள்.

முதலில் வந்தது கிளிஜோசியர் அனந்தப்பனின் கிளி. சிறகு தொங்கிப் போயிருந்தது. டாக்டர் அதன் உச்சந்தலையில் ஓர் ஊசியை வைத்ததும் கிளி கண்ணைச் செருகி ஒரு பெருமூச்சு விட்டது, அதே மூச்சில் அனந்தப்பனின் இடது தோள் கீழே இறங்கியது. "எங்க வலிக்குது, காட்டுங்க" என்றாள் டாக்டர். அவர் தோளுக்குப் பின்னால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட, அவள் கிளியின் இறகை அதே இடத்தில் விலக்கிப் பார்த்து, கூண்டுக் கம்பியின் சிறு துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்தாள். "பாதி வலி உங்களுக்கு வந்துருக்கு. யார அது தன் ஆளுன்னு நெனைக்குதோ அவங்களுக்குத்தான் போகும். ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் கொறையும், அதுவரைக்கும் வெயில்ல அலையாதீங்க" என்று, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள் என்பது போலச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஊர் அதை எடுத்துக்கொண்டது. பவர்கட்டை எடுத்துக்கொண்டது போல, புதிதாக வந்த பஸ் ரூட்டை எடுத்துக்கொண்டது போல எடுத்துக்கொண்டது. போலீஸ் ஸ்டேஷன் பூனைக்கு வந்த வயிற்றுவலி இன்ஸ்பெக்டருக்கும் போகாமல் ஏட்டுக்கும் போகாமல், லாக்கப்பில் இருந்தபடி தன் சோற்றிலிருந்து மீனைப் பிய்த்துப் போட்ட சைக்கிள் திருடனுக்குப் போனது, ஸ்டேஷனில் எல்லோரும் அவனிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். பாங்க் மேனேஜர் வீட்டுப் பொமரேனியனின் பல்வலி வேலைக்காரிக்குப் போனது, மேனேஜரம்மா அவளுக்குக் கன்னம் வீங்கியதைப் பார்த்து அழுதுவிட்டு, மறுநாள் முதல் வீட்டு வேலைக்கு மட்டும் வந்தால் போதும், நாய்ப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்ஜினீயர் வீட்டு அல்சேஷனின் வலி யாருக்கும் போகவில்லை, முழுதும் நாயிடமே நின்றுவிட்டது. அந்தக் குடும்பம் வெட்கப்பட்டுக்கொண்டு அந்த வருஷம் பொங்கலுக்குக்கூட வெளியே தலைகாட்டவில்லை. டவுன் பஸ்ஸில் பிராணிவலிக்காரர்களுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பூனையின் தலைவலி என்று லீவு கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை மடித்து வைத்துவிட்டு, பொண்ணுக்கு எந்த ஜீவனுடைய வலியாவது வந்திருக்கிறதா என்று மெல்லக் கேட்டார்கள். வலி வந்தவர்கள் கோயிலில் முன்வரிசையில் நின்றார்கள், வராதவர்கள் ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு காலையில் மணக்க மணக்கத் தெருவில் நடந்தார்கள்.

சண்முகக்கனியின் நாய்க்குப் பேர் சீனி. செம்பட்டை நிறம், கரிய மூஞ்சி, நல்ல கோம்பை ஜாதிப் பெட்டை. புருஷன் தவசிலிங்கம் குட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தது. தூக்கிக்கொண்டு வந்தது அவர், சோறு வைத்தது இவள். உண்ணி எடுத்தது இவள், மழையில் நனைந்து வந்தால் பழைய சேலையால் துவட்டியது இவள், தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டு மாவுமூட்டைகளுக்கு இடையில் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பொத்தியது இவள். அவர் செய்ததெல்லாம், சாயங்காலம் ஆனால் "சீனிய நடத்திட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியதுதான். போன ஐப்பசியில் அவர் நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்த பிறகும் சாயங்காலமானால் சீனி தானாகவே கிளம்பிப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்பி வந்தது. அவர் நடந்த வழியில் அவரைத் தேடி நடக்கிறது என்று நினைத்து, அதைப் பார்க்கும்போதெல்லாம் சண்முகக்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சித்திரையில் சீனி படிக்கட்டு ஏறுவதை நிறுத்தியது, உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசித்தது. சண்முகக்கனி அதைக் குளிப்பாட்டி, புதுச் சங்கிலி போட்டு, தானும் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப் போனாள். உண்மையைச் சொன்னால், நாய்க்கு முடியவில்லையே என்ற கவலைக்கு அடியில், இன்றைக்கு எனக்கும் வரப்போகிறது என்ற சந்தோஷமும் அவளுக்கு இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் கடைவீதிக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஊசியை வைத்தாள். சீனி பெருமூச்சு விட்டது, அதன் உடம்பு தளர்ந்தது, வலியில் பாதி கிளம்பிப் போனது எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் சண்முகக்கனியைப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். தலையிலிருந்து கால்வரை தன் உடம்பை ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தாள். எங்கேயும் யாரும் வந்திருக்கவில்லை.

"எங்க வலிக்குது, மில்லுக்காரம்மா?" என்றாள் டாக்டர்.

சண்முகக்கனியின் கை தானாக எழுந்து போய் வலது இடுப்பில் உட்கார்ந்தது. "இங்கதான். குத்துது" என்றாள்.

பெஞ்சிலிருந்த பலசரக்குக் கடை அண்ணாச்சி எழுந்து, "உக்காருங்கம்மா, நின்னுக்கிட்டே இருக்கீங்களே" என்று இடம் விட்டார். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள், வயசான நாய்க்கு இடுப்பு தேய்ந்துதான் இருந்தது. இடுப்பைச் சுற்றி ஊசி குத்தி, மூட்டுக்கு மாத்திரை கொடுத்து, இளஞ்சூட்டில் எண்ணெய் தடவச் சொல்லி அனுப்பினாள்.

அன்றிலிருந்து சண்முகக்கனி நொண்டி நடந்தாள். அழகாக நொண்டினாள். மாவு அரைக்க வந்தவர்கள் "எப்படி இருக்கு வலி" என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவை இறக்கினார்கள், அவளும் "ராத்திரி தூங்க விடல" என்று சொன்னாள். தூங்காமல் இருந்தது நிஜம். கிளம்பிப் போன வலி யாரிடமோ இருக்கிறதே, அந்த யாரோ யார் என்று புரண்டு புரண்டு படுத்தாள். பகலில் எதிரே வந்தவர்களையெல்லாம் உற்றுப் பார்த்தாள். பால்காரன் கழுத்தைச் சொடுக்கினால் அவனைக் கூப்பிட்டு விசாரித்தாள். மில்லில் வேலை பார்க்கும் பேச்சிமுத்து குனியும்போது அம்மா என்று முனகினால், சீனிக்கு நீ எப்போதாவது முறுக்கு போட்டாயா என்று கேட்டாள். "எனக்குக் குடலிறக்கம் அக்கா, நாலு வருஷமா இருக்கு" என்று அவன் சொன்ன பிறகுதான் விட்டாள். பதினைந்து வருஷமாகப் பேச்சில்லாத மேலவீட்டு நாத்தனார் காலில் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை, அது அரிவாள்மணை வெட்டு என்று தெரிந்தபோது இரண்டு பங்காகச் சாப்பிட்டாள்.

ஆனால் சீனி சாப்பிடவில்லை. தண்ணீரை மட்டும் வாளி வாளியாகக் குடித்தது. எண்ணெய் தடவத் தடவ அது இடுப்பைக் காட்டாமல் வயிற்றை ஒடுக்கிக்கொண்டு சுருண்டது, கண்ணில் பீளை கட்டியது. "வலி எப்படி இருக்கு, எடம் ஏதும் மாறிச்சா?" என்று டாக்டர் கேட்டபோதெல்லாம் சண்முகக்கனி "அதே எடந்தான், இப்பக் கொஞ்சம் பரவால்ல" என்றாள். எனக்கு வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தை வாய்வரை வரும், பெஞ்சிலிருந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும்.

நிற்க முடியாத நிலைக்கு வந்த பிறகும் ஒரு சாயங்காலம் சீனி எழுந்தது. சுவரில் சாய்ந்து சாய்ந்து வாசலைத் தாண்டியது. சண்முகக்கனி நொண்ட மறந்துபோய் அதன் பின்னால் நடந்தாள். அது பத்தடிக்கு ஒருதரம் உட்கார்ந்து, மறுபடி எழுந்து, கடைவீதியைக் கடந்து, ரயில்வே கேட்டைக் கடந்து, தவசிலிங்கம் ஒருநாளும் போவதாகச் சொல்லாத ஒரு சந்துக்குள் திரும்பி, நீலக் கதவு போட்ட ஒரு வீட்டின் முன்னால் போய்ப் படுத்தது.

கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே தையல் மிஷினும், தைத்து அடுக்கிய பள்ளிக்கூட யூனிபார்ம்களும் இருந்தன. மிஷினுக்குப் பக்கத்தில் பாயில் ஒரு பெண், தன் வயசு இருக்கும், முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கிடந்தாள். வாசல்படிக்கு அருகில் ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவார்களே, அப்படிப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: த. சீனி.

சண்முகக்கனி அந்த 'த'னாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் சீனிக்கு விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் பேசினில்தான் அவள் சோறு வைத்தாள். புருஷனுடைய பெயரின் முதல் எழுத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு தட்டு, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இத்தனை காலமாகத் துலக்கித் துலக்கி வைக்கப்பட்டிருந்தது. எல்லாம் அந்த ஓர் எழுத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் பாக்கி இல்லை.

பாயில் கிடந்தவள் கையை ஊன்றி எழப் பார்த்தாள். தையல்காரி ஞானசௌந்தரியைச் சண்முகக்கனி எங்கேயோ ரேஷன் கடையில் பார்த்திருக்கிறாள், பேசியதில்லை. இப்போது பேச அவளிடம் நிறைய இருந்தது. தெரு கூடும்படி பேசவும், தலைமுடியைப் பிடிக்கவும், அந்தத் தட்டை எடுத்துச் சாக்கடையில் எறியவும் அவளுக்குத் தெம்பு இருந்தது. சீனி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படியில் கிடந்தது. சண்முகக்கனி வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"ஒனக்கு எங்க வலிக்குது?"

சௌந்தரி தொப்புளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "அடிவயித்துல அக்கா. நெறமாசக்காரி வயிறு மாதிரி கனமா இருக்கு. உள்ள ஏதோ கொதிக்கிற மாதிரி. எவ்வளவு தண்ணி குடிச்சாலும் அடங்கல."

"இடுப்புல?"

"இடுப்புல ஒண்ணுமில்ல."

"எப்ப இருந்து?"

"டாக்டரம்மா மொத ஊசி போட்ட அன்னைல இருந்து. மிஷின்ல உக்காந்திருந்தேன், பொசுக்குனு வந்துச்சு. வந்ததுமே தெரிஞ்சுபோச்சு யாருதுன்னு."

"அப்ப ஏன் வந்து சொல்லல நீ?"

"எந்த மொகத்த வச்சுக்கிட்டு வருவேன் அக்கா."

"அக்கான்னு கூப்பிடாத" என்றாள் சண்முகக்கனி. பிறகு, "எந்திரி, கெளம்பு" என்றாள்.

ஆட்டோவில் சீனியை நடுவில் போட்டுக்கொண்டு போனார்கள். அது தலையைச் சௌந்தரியின் மடியிலும் பின்கால்களைச் சண்முகக்கனியின் மடியிலும் வைத்துப் படுத்திருந்தது. தலை அந்தப் பக்கம் போனதைச் சண்முகக்கனி கவனித்தாள். பாதி வழியில், முகத்தை வெளியே திருப்பிக்கொண்டே கேட்டாள். "அங்க வந்து என்ன செய்வாரு?"

"டீ குடிப்பாரு. நான் தைக்கிறதப் பாத்துட்டு இருப்பாரு" என்றாள் சௌந்தரி. "மத்ததும் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

டாக்டர் எப்சிபா சௌந்தரியைப் படுக்க வைத்து, அவள் காட்டிய இடங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே இடங்களில் சீனியின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்தாள். சீனியின் கர்ப்பப்பை முழுக்கச் சீழ் கட்டி, ஊதிய குழாய் போலக் கிடந்தது. அவள் நிமிர்ந்து சண்முகக்கனியைப் பார்த்தாள்.

"இடுப்புன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"உங்களுக்கு வரவே இல்லையா?"

சண்முகக்கனி பெஞ்சைப் பார்த்தாள். கடைவீதிக்காரர்கள் இன்றும் இருந்தார்கள். "வரல" என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. "எக்ஸ்ரேல இடுப்பு தேஞ்சு தெரிஞ்சதும் நானும் அதோட நின்னுட்டேன். தாகத்தப் பத்தி நான் கேட்டுருக்கணும்" என்றாள். "ஊசி வலியத்தான் பங்கு போடும், சீழ எடுக்காது. இதுக்குக் கத்தி வேணும், இப்பவே வேணும். பொழைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

மயக்க மருந்து ஏறியதும் சீனி தூங்கியது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சௌந்தரிக்கும் அந்தத் தூக்கத்தில் பாதி வந்தது. அவள் உட்கார்ந்தபடியே சரிந்து, தலையைச் சண்முகக்கனியின் தோளில் போட்டாள். அவளுடைய தலைமுடியில் மிஷின் எண்ணெய் வாசமும் மல்லிகைப்பூ வாசமும் அடித்தன. இந்த வாசம் தன் வீட்டுக்கு அவருடைய சட்டையில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது, கடைவீதி வாசம் என்று நினைத்துத் துவைத்துப் போட்டிருக்கிறாள். தோளை உதறி அந்தத் தலையைக் கீழே தள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தப் பாரத்தில் பாதி சீனியுடையதாக இருந்ததால் அவளால் தள்ள முடியவில்லை. தோள் மரத்துப் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சீனி பிழைத்தது.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. செத்துப்போன மனுஷனுக்கு ரயில்வே கேட்டுப் பக்கம் இன்னொரு வீடு இருந்த விஷயம் வேறு வருஷமாக இருந்தால் ஊர்வாயில் தை மாசி வரைக்கும் ஓடியிருக்கும். இந்த வருஷம் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. "கோம்பை நாய் வலி தையல்காரிக்குத்தான் போச்சாமே" என்பதைத்தான் பேசினார்கள். சௌந்தரிக்குக் கோயிலில் முன்வரிசையில் இடம் விட்டார்கள். பலசரக்குக் கடை அண்ணாச்சி சண்முகக்கனியைப் பார்த்து, ஆறுதலாக, "சோறு வச்சது நீங்கதாம்மா, அது எல்லாருக்கும் தெரியும்" என்றார். அந்த ஆறுதலை அவளால் பொறுக்கவே முடியவில்லை.

காயம் ஆறும்வரை சீனியை மில் வீட்டில்தான் வைத்திருந்தாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சிப் பதமாகத் தடவினாள், டாக்டர் கொடுத்த மாத்திரையை வெண்ணெயில் உருட்டிக் கொடுத்தாள், காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய வளையத்தோடு அது சுவரில் முட்டிக்கொள்ளாமல் கூடவே நடந்தாள். வலி எங்கே இருக்கிறது என்று கேட்க மட்டும் தினமும் ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. வாசலில் நின்றபடியே "எங்க?" என்பாள். சௌந்தரி, "தையலுக்கு எடது பக்கம், இழுக்குது" என்றோ, "இன்னிக்குக் கொறவு" என்றோ சொல்வாள். திரும்பும்போது ஒருநாள் சண்முகக்கனி கையிலிருந்த தூக்குவாளியைப் படியில் வைத்தாள். "கஞ்சி. சீனிக்கு வச்சதுல மிச்சம்" என்றாள். அதில் உப்பும் சீரகமும் போட்டிருந்தது, நாய்க்கு அவள் உப்புப் போடுவதில்லை.

சௌந்தரி ஒருதரம் சொன்னாள். "நான் கேட்டு வாங்கலக்கா இத."

"தெரியும்."

"அது ஏன் எங்கிட்ட வந்துச்சுன்னு எனக்கே தெரியல. நான் அதுக்கு என்ன செஞ்சேன், ஒரு பிஸ்கட் போடுவேன்."

"அதான் எனக்கும் தெரியல" என்றாள் சண்முகக்கனி. தன்னை அக்கா என்று கூப்பிட்டதை அன்று அவள் தடுக்கவில்லை, தடுக்க மறந்துவிட்டாள்.

தையல் பிரிக்கிற அன்று இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். டாக்டர் நூலை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிட்டு, கடைசியாகச் சீனியின் உச்சந்தலையில் ஓர் ஊசியை வைத்தாள். சீனி பெருமூச்சு விட்டது.

"ரொம்பக் கொறைஞ்சிட்டு" என்றாள் சௌந்தரி. "நேத்து இருந்ததுல பாதிதான் இருக்கு."

டாக்டர் சீனியின் தழும்பை விரலால் லேசாக அழுத்தினாள், அது காலை இழுத்துக்கொண்டது. "நாய்க்கு அவ்வளவு கொறையலையே" என்று யோசித்தாள்.

அந்த நேரத்தில் சண்முகக்கனியின் தொப்புளுக்குக் கீழே ஏதோ கடித்தது. முதலில் சேலைக்குள் எறும்பு என்று நினைத்தாள். பிறகு அது ஊறவில்லை, அங்கேயே நின்று மெல்ல இழுத்தது, மெத்தென்ற சதையில் புதிதாகப் போட்ட முடிச்சு போல. டாக்டர் விரலை அழுத்தியபோது அதிகமானது, எடுத்தபோது தளர்ந்தது. சண்முகக்கனி மூச்சு விடாமல் நின்றாள். பலமாக மூச்சு விட்டால் அது கலைந்து போய்விடும் என்று பயந்தாள்.

"வேற யாருக்கும் வந்துருக்கா?" என்று கேட்டாள் டாக்டர். "மில்லுக்காரம்மா, உங்களுக்கு?"

பெஞ்சில் எல்லோரும் திரும்பினார்கள். அண்ணாச்சிகூட எழுந்திருக்கத் தயாராகப் பெஞ்சின் நுனிக்கு வந்தார்.

"எனக்கென்ன, ஒண்ணுமில்ல" என்றாள் சண்முகக்கனி.

சௌந்தரி மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய கொசுவத்தின் மேல் பொத்தி வைத்திருந்த கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வை என்னவென்று சண்முகக்கனிக்குத் தெரிந்தது, சித்திரையிலிருந்து ஊரில் நொண்டுகிறவர்களையெல்லாம் அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில்வே கேட்டுப் பக்கம் பிரியும் இடத்தில் சௌந்தரி நின்றாள். "மீதிப் பாதி எங்க போச்சுக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சீனியை இழுத்துக்கொண்டு, குடத்தைத் தளும்பாமல் தூக்கிப் போகிறவள் போல அடிமேல் அடி வைத்து நடந்தாள்.

சாயங்காலம் ஆனதும் சீனி எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு வாசலைப் பார்த்தது. கதவைத் தாழ்ப்பாள் போடலாமா என்று சண்முகக்கனி நினைத்தாள். தாழ்ப்பாளில் கையும் வைத்தாள். பிறகு விலகி நின்றாள். சீனி வாலை ஆட்டிக்கொண்டு கடைவீதிப் பக்கம் நடந்தது. அவள் மில் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். வலி இருந்தது, சின்னதாக, சமர்த்தாக, கைக்கு அடியில் இருந்தது. கடைவீதியில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன.

கொஞ்ச நேரத்தில் வலி இளகியது. யாரோ வெதுவெதுப்பான எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாக, அவசரமில்லாமல் தடவிக்கொடுப்பது போல ஓரத்திலிருந்து கரைந்து உள்ளே வந்தது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், நீலக் கதவுக்குள், சீனி மல்லாந்து படுத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது, அதன் வயிற்றின்மேல் யாருடைய கை இருக்கிறது என்பதும் தெரிந்தது. அந்தக் கை நன்றாகத் தடவியது. தைத்துப் பழகிய கை. தடவத் தடவ, இத்தனை மாதம் காத்திருந்து கிடைத்தது அவள் கண்ணெதிரே குறைந்துகொண்டே போனது. சண்முகக்கனி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, ரயில்வே கேட் இருக்கும் திசையைப் பார்த்து, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அதட்டினாள்.

"போதும்டி, விடு."